தலாப்கான் கடக்காத ஆறு

அப்பாவும் மகளுமாகக் கடைசியாகச் செய்த வேலை, ஜீப்பின் பின்சக்கரத்துக்கு ஒட்டுப் போட்டது. ஜூன் ஏழு, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு மக்பால் எத்தனை தடவை வாயைத் திறந்தாள், அதில் எத்தனை தடவை அப்பாவைத் திருத்துவதற்காகத் திறந்தாள் என்பதெல்லாம் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. கிட்டத்தட்ட இரண்டும் ஒரே எண்.

தலாப்கான் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிப் பிடித்தார். குமிழி வந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்தார். உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி, ஊதினார்.

“அஞ்சு நிமிஷம் காயணும்ப்பா. டப்பாவுலயே போட்டிருக்கு.”

“டப்பாவுல எழுதினவன் இந்தக் காத்துல உக்காந்தா எழுதினான்?”

ஒட்டினார். சக்கரத்தை மாட்டினார். மக்பால் கைப்பம்பால் காற்றடித்தாள். பிறகு பையிலிருந்து அளவுமானியை எடுத்து வைத்துப் பார்த்தாள்.

“ஒண்ணு புள்ளி எட்டுதான் இருக்கு. ரெண்டு புள்ளி ரெண்டு வேணும்.”

தலாப்கான் டயரை ஓர் உதை உதைத்தார். “சரியா இருக்கு.”

“காலால அளக்கறதா?”

“இந்தக் கால் நாப்பது வருஷமா அளக்குது. உன் மிஷினுக்கு என்ன வயசு?”

“மூணு மாசம்.”

“அது வளரட்டும்.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு ஆற்றைத் தாண்டித் தன் பழைய நண்பர் ஷயாமெத்திடம் போகப்போவதாகச் சொன்னார்.

“போன திங்கட்கிழமையும் இதையேதான் சொன்னீங்க.”

“போன வாரம் தண்ணி ஜாஸ்தி.”

“அதுக்கு முந்தின வாரம்?”

“டயர் சரியில்லை.”

“இப்போ டயர் சரியாயிடுச்சு.”

தலாப்கான் அந்த டயரை, தன்னைக் காட்டிக்கொடுத்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். மக்பால் இன்னும் நாற்பது தடவை பம்பை அழுத்தி, இரண்டு புள்ளி இரண்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் எழுந்தாள்.

தலாப்கான் ஷயாமெத்திடம் கொண்டுபோக வேண்டியிருந்தது ஒரு சாவுச் செய்தி. ஷயாமெத்தின் தம்பி எர்போல் முப்பது வருடங்களுக்கு முன்னால் கஜகஸ்தானுக்குக் குடிபெயர்ந்தவர். மே இருபதாம் தேதி அங்கே இறந்துபோனார். ஷயாமெத் கூடாரம் போட்டிருந்த பள்ளத்தாக்கில் போன் எடுக்காது. செய்தி தலாப்கானிடம்தான் வந்து சேர்ந்தது. அதில் யாருக்கும் வியப்பில்லை. அல்தாய் மலையின் அந்தப் பக்கத்தில் யார் இறந்தாலும் செய்தியைக் கொண்டுபோவது அவர்தான்.

அந்த வேலையை அவர் தேடிப் போகவில்லை. இருபத்தாறு வயதில் கூட்டுப்பண்ணையின் மாட்டு வைத்தியருக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் அலுவலகத்தில், “அந்தப் பக்கம்தானே போறே, அவங்க வீட்டுப் பெரியவர் ஆஸ்பத்திரியில போயிட்டார்னு சொல்லிடு” என்றார்கள். போனார். காலையிலிருந்து சாப்பிடவில்லை. அந்த வீட்டில் உப்புத் தேநீர் கொடுத்தார்கள், எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையை வைத்தார்கள், கறியும் வெந்துகொண்டிருந்தது. சொன்னால் சாப்பாடு போய்விடும் என்று தலாப்கான் சொல்லவில்லை. பனியைப் பற்றிப் பேசினார். புல்லைப் பற்றிப் பேசினார். அவர் மென்று முடிப்பதற்குள் பெண்கள் பால் கறந்துவிட்டார்கள், ஆடுகள் பட்டிக்கு வந்துவிட்டன, மருமகள் தண்ணீர் கொண்டுவந்துவிட்டாள். கடைசி எலும்பைக் கீழே வைத்த பிறகு, வெட்கத்தோடு, சுற்றி வளைத்துச் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து அந்தக் குடும்பம் நன்றி சொல்ல வந்தது. “நாங்க வேலையெல்லாம் முடிக்கற வரைக்கும் பொறுத்திருந்து சொன்னீங்க. எந்த மாட்டுக்கும் மடி கட்டலை. நல்ல மனசு.”

மக்பாலுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது அவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். “பசி மகளே. வேற ஒண்ணுமில்லை.”

ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. பிறகு அவரும் அதற்குத் தகுந்தவராக ஆனார். பால் கறந்து முடியாமல் வாயைத் திறக்கமாட்டார். கேட்பவர் உட்கார்ந்திருக்க வேண்டும். ‘செத்துட்டார்’ என்ற சொல் அவர் வாயில் வந்ததேயில்லை. பனியில் தொடங்குவார். யார் வீட்டுக் குதிரை குட்டி போட்டது என்பார். பழைய மல்யுத்தக்காரர் ஒருவரின் தோளைப் பற்றிச் சொல்வார், அந்தத் தோளும் ஒருநாள் சாய்ந்ததைச் சொல்வார். கேட்பவர் தாமாகவே நடந்து அந்த இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கூட நடப்பதுதான் சொல்பவனின் வேலை என்பது அவர் கட்சி.

இதற்கு அவர் கொடுத்த விலை, எந்த வீட்டுக்கும் சும்மா போக முடியாமல் போனது. சாம்பல் நிற ஜீப் தூரத்தில் தெரிந்தாலே பெண்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அதனால் வெறும் தேநீருக்குப் போகும் நாட்களில் இருநூறு அடிக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, “சும்மா வந்தேன், சும்மா வந்தேன்” என்று கத்துவார். கல்யாண வீடுகளில் அவரைப் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் எதிரில் உட்காரவிடமாட்டார்கள். மக்பாலைப் பெண் கேட்டு வந்த ஒருவர், “சம்பந்தி வண்டி வந்து நின்னாலே எங்க வீட்டுல ஒப்பாரி கிளம்பிடுமே” என்று பின்வாங்கினார். முப்பத்தொரு வயதுவரை கல்யாணம் ஆகாததற்கு மக்பால் அந்த ஜீப்பைத்தான் குற்றம் சொல்லிவந்தாள். ஜீப்பைப் பார்க்காமலேயே, அவள் பேச்சைக் கேட்டு ஓடிய மற்ற இருவரைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அவள் பேச்சு அப்படி. ஒன்பது வயதில் அப்பாவோடு ஒரு சாவுச் செய்திக்குப் போயிருந்தாள். அப்பா ஜீப்பிலிருந்து இறங்குவதற்குள் ஓடிப்போய், மாட்டின் அருகே உட்கார்ந்திருந்த பெண்ணிடம், “உங்க மாமனார் செத்துட்டார், எங்கப்பா மெதுவாச் சொல்ல வந்திருக்கார்” என்றாள். வாளி கவிழ்ந்தது. திரும்பும் வழியில் தலாப்கான் திட்டவில்லை. “நீ நல்லாப் படி. பேச வேண்டாத வேலையாப் பாத்துச் சேந்துக்க” என்றார்.

அவள் தலைநகர் போய்த் தொலைத்தொடர்புப் பொறியியல் படித்தாள். பேச வேண்டாத வேலையைத் தேடி, மலையில் இருப்பவர்களையெல்லாம் பேசவைக்கும் வேலையில் வந்து விழுந்தாள். செல்போன் டவர் நிறுத்துவது.

ஜூன் எட்டாம் தேதி திங்கட்கிழமை பிற்பகல், ஆற்றுக்கு மேலே இருந்த முகட்டில் புது டவரின் அடிப்பகுதியில் போல்ட் முறுக்கிக்கொண்டிருந்தாள். நான்கு பேர் குதிரையில் ஏறி வந்தார்கள். அம்மாவின் தம்பி கிசாத் மாமா. கூட மூன்று கிழவர்கள். நால்வரும் இறங்கி, மூச்சு வாங்கி, டவரை அண்ணாந்து பார்த்தார்கள்.

“கான்கிரீட் எத்தனை மூட்டை போச்சு?” என்று கேட்டார் ஒருவர்.

“அறுபது.”

“இந்த வருஷம் மேல புல்லு பரவாயில்லை” என்றார் இன்னொருவர்.

மூன்றாமவர் இரும்பைத் தட்டிப் பார்த்தார். “எவ்வளவு கெட்டியான இரும்பா இருந்தாலும்…” என்று தொடங்கி, மேலே எப்படிப் போவதென்று தெரியாமல் நின்றார். இந்த வேலை தெரிந்த ஒரே ஆள் அன்றைக்குக் கிடையாது என்பதுதான் செய்தியே.

கிசாத் மாமா வாயைத் திறக்காமல் நின்றார். அவர் வாய் மூடி நின்று மக்பால் பார்த்ததில்லை.

“அப்பாவா அம்மாவா?” என்று கேட்டாள்.

“அப்பா.”

“எங்கே?”

“ஆத்தங்கரையில. ஜீப் படியில உக்காந்தபடியே.”

நான்கு பேரும் சுமை இறங்கியவர்கள்போலப் பெருமூச்சு விட்டார்கள். அவர்களுடைய முயற்சிக்குக் கொஞ்சம் மரியாதை கொடுத்து, அந்த இரும்பு துருப்பிடிக்கும்வரையாவது பொறுத்திருக்கலாம் என்று பிறகு அவளுக்குத் தோன்றியது. இன்னொன்றும் உண்டு. எட்டு போல்ட்டில் இரண்டு மீதியிருந்தன. அவற்றையும் முறுக்கிவிட்டுத்தான் அவள் இறங்கினாள். இதை யாரிடமும் சொன்னதில்லை. கிசாத் மாமா பார்த்துக்கொண்டுதான் இருந்தார், அவரும் சொல்லவில்லை.

மறுநாளே அடக்கம் செய்தார்கள். ஆறு பொங்கிவிட்டதால் அக்கரையிலிருந்து யாரும் வரமுடியவில்லை. ஏழாம் நாள் சோறும் கறியும் வெந்துகொண்டிருந்தபோது அம்மா கேட்டாள். “ஷயாமெத்துக்கு யார் சொன்னது?”

யாரும் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் இன்னொருவர் சொல்லியிருப்பார் என்று நினைத்திருந்தார்கள். இத்தனை வருடம் அந்த நினைப்பு தவறானதே இல்லை.

“எர்போல் போனதையாவது உங்கப்பா சொன்னாரா?”

“இல்லை” என்றாள் மக்பால். ஆக ஷயாமெத்துக்கு இரண்டு சாவு பாக்கி.

அதோடு ஒரு கெடுவும் இருந்தது. வியாழக்கிழமை பத்து மணிக்கு அந்த டவரை இயக்க வேண்டும். ஷயாமெத்திடம் ஒரு போன் உண்டு. பேரன் பேத்தி படம் பார்க்கவும் டார்ச் அடிக்கவும் வைத்திருக்கிறார். ஆனால் கஜகஸ்தானில் இருக்கும் அத்தனை உறவினரும் குடும்பக் குழுவில் ஆறுதல் எழுதியிருப்பார்கள். போன் இணைப்பு கிடைக்கும்வரை அந்தச் செய்திகள் எங்கே, எத்தனை நாள் வரிசையில் காத்திருக்கும் என்பது மக்பாலுக்குத் தொழில்முறையில் தெரியும். முப்பது நாள். வியாழன் இருபத்தொன்பதாம் நாள். பத்து மணிக்கு அவள் பொத்தானை அழுத்தினால், பத்து மணி ஒரு நிமிடத்துக்கு அவர் கையில் இருக்கும் டார்ச் விளக்கு, அவர் தம்பி இறந்ததை நாற்பது தடவை மணியடித்துச் சொல்லும்.

ஒரு கம்பியைத் தளர்த்திவிட்டு, கோளாறு என்று எழுதிக்கொடுத்திருக்கலாம். போன குளிர்காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் பிரசவ வலி கண்ட மனைவிக்காக ஒருவன் பதினோரு மணிநேரம் குதிரையில் வந்து போன் செய்தான். அவனைத் தெரிந்த பிறகு கம்பியைத் தளர்த்த முடியாது. புதன்கிழமை காலை அப்பாவின் ஜீப்பை எடுத்தாள்.

சாவுச் செய்திக்குத் தனியாகப் போகக்கூடாது. கிசாத் மாமா கூட வந்தார்.

“மாமா, அங்க போய் நீங்க பேசக் கூடாது. நான் சொல்ற வரைக்கும்.”

“நான் எங்கே புள்ள பேசறேன்?” என்றவர் அடுத்த நாற்பது கிலோமீட்டருக்கு நிறுத்தவில்லை.

மக்பால் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். ஒன்று, பனி. இரண்டு, புல். மூன்று, குதிரைக்குட்டி. நான்கு, மல்யுத்தக்காரர். மல்யுத்தக்காரரின் பெயர் அவளுக்குத் தெரியவில்லை, கேள்விக்குறி போட்டிருந்தாள்.

“எங்கே, ஒருதரம் சொல்லிப் பாரு. நான்தான் ஷயாமெத். வாம்மா மக்பால், சுகமா?”

“சுகம் பெரியப்பா. பனி எப்படி இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சு.”

“புல்லு?”

“அதுவும் நல்லாருக்கு.”

மக்பால் ஓட்டிக்கொண்டே யோசித்தாள். “குதிரை குட்டி போட்டுச்சா?”

“மூணு.”

“உயிரோட இருக்கா?”

“ஏய், கால்நடைக் கணக்கெடுக்க வந்த ஆபீசர் மாதிரியே கேக்கறியே. நான் எங்கிருந்துடி அழறது? எத்தனை ஆடுன்னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டுடுவேன்.”

“அப்பா இப்படித்தானே ஆரம்பிப்பார்.”

“உங்கப்பா கேட்டா கேக்கற மாதிரி இருக்கும். நீ கேட்டா அபராதம் போடற மாதிரி இருக்கு.”

ஆற்றங்கரையில் ஷினார் அக்காவின் கூடாரம். அப்பாவை முதலில் பார்த்தவள் அவள்தான். வழி கேட்டுக்கொண்டு கடக்கலாம் என்று மக்பால் வேகத்தைக் குறைக்காமல் நேராக வாசலுக்கே விட்டாள். ஷினார் அக்கா வெளியே வந்தாள், சாம்பல் ஜீப்பைப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் மகன் ராணுவத்தில் இருக்கிறான்.

“என் பையனா? சொல்லிடு. என் பையனா?”

“இல்லை, இல்லை. சும்மா வந்தோம்” என்றார் கிசாத் மாமா, காலம் கடந்து.

ஷினார் அக்கா தரையில் கையை ஊன்றிக்கொண்டாள். பிறகு எழுந்து, பாவாடையைத் தட்டிக்கொண்டு, மக்பாலிடம் வந்தாள். “படிச்சவதானே நீ? உங்கப்பா எரநூறு அடி தள்ளி நின்னு கத்துவாரு. அந்தப் பொறுப்பு உனக்கு எங்க போச்சு? வண்டியைக் குடுத்தாரே, வாயைக் குடுக்கலையா?”

“மறந்துட்டேன்க்கா.”

“என் உசிரை எடுத்துட்டு மறந்துட்டாளாம். உள்ள வா. டீ குடி.”

உலர்ந்த தயிர்க்கட்டியை வைத்தாள், தேநீர் ஊற்றினாள். ஆறு இரண்டு நாளாக வடிந்துவிட்டது, வண்டி போகும் என்றாள். பிறகு, மக்பால் கேட்காமலேயே சொன்னாள்.

“உங்கப்பா அஞ்சு தடவை வந்தாரு இங்க.”

“தண்ணி ஜாஸ்தியா இருந்துச்சுன்னு சொன்னார்.”

“மூணு தடவை இருந்துச்சு. ரெண்டு தடவை என் ஆட்டுக்குட்டியே வயிறு நனையாம தாண்டிப் போச்சு. அவரு ஜீப் படியில உக்காந்து, பூட்ஸைக் கழட்டி, காலைத் தண்ணியில விட்டுட்டு அக்கரையையே பாத்துட்டு இருப்பாரு. ஏன்ணே போகலையான்னேன். இன்னிக்கு வேணாம்மான்னாரு. டீ குடிச்சுட்டுத் திரும்பிப் போவாரு.”

கிசாத் மாமா தேநீர்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மக்பால் கணக்குப் போட்டாள். மே இருபதிலிருந்து ஜூன் எட்டுவரை பத்தொன்பது நாள். நாற்பது வருடத்தில் இருநூறு பேரின் சாவைச் சொன்ன மனிதர், தன் சொந்த நண்பனுக்கு ஒன்றைச் சொல்ல முடியாமல் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டயர் சரியாகிவிட்டது என்று சொன்னது அவள்தான்.

ஆற்றைக் கடந்தபோது தண்ணீர் சக்கரத்தில் பாதிக்குக்கூட வரவில்லை.

ஷயாமெத்தின் கூடாரத்துக்கு இருநூறு அடி முன்னால் மக்பால் வண்டியை நிறுத்தினாள். நிறுத்திய பிறகுதான், சும்மா வரவில்லை என்பதால் கத்துவதற்கு ஒன்றுமில்லை என்பது உறைத்தது. நிறுத்தாமல் போயிருந்தாலும் ஒன்றுதான்.

ஷயாமெத் வெளியே வந்து நின்றார். அகலமான ஆள், நரைத்த தாடி. ஜீப்பைப் பார்த்துச் சிரித்துக் கையைத் தூக்கினார். ஓட்டும் இடத்தில் இருப்பது யார் என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பக்கத்தில் கிசாத். தூக்கிய கை மெதுவாக இறங்கியது. தொப்பியைக் கழற்றினார்.

மக்பால் இறங்கி நடந்தாள். நோட்டு கையில் இருந்தது. பனி என்று வாயெடுப்பதற்குள் ஷயாமெத், “தலாப்கானா?” என்றார்.

அவள் தலையாட்டினாள். அவர் அவளைக் கட்டிக்கொண்டு சத்தமாக அழுதார். அவர் மனைவி ரைகான் உள்ளேயிருந்து ஓடிவந்து இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது நாளாக எல்லோர் அழுகைக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மக்பால், அங்கேதான் முதல்முறையாக முழுசாக அழுதாள். செய்தி சொல்ல வந்தவள் அழுவது முறையா என்று நடுவில் ஒரு சந்தேகம் வந்தது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை.

ஆட்டை அறுத்தார்கள். கறி கொதிக்கத் தொடங்கியது. கிசாத் மாமா காதருகே குனிந்தார். “ஒண்ணு முடிஞ்சுது. நீ ஒரு வார்த்தைகூடப் பேசலை. பிரமாதம்.”

“இன்னொண்ணு இருக்கு மாமா.”

“ஒரே நாள்ல ரெண்டா? மனுஷன் தாங்குவாரா? நாளைக்கு வெச்சுக்கலாம்.”

“நாளைக்குப் பத்து மணிக்கு டவர்.”

“அந்தப் பாழாப்போன டவரைக் கட்டினது யாரு?”

“நான்தான்.”

மாலை வெயில் கூடாரத்தின் மேல்வளையம் வழியாக அடுப்பின் மேல் விழுந்துகொண்டிருந்தது. ரைகான் வாளியோடு கறக்கப் போனாள். அவள் முடித்துவிட்டு வரட்டும், கறியும் வெந்து எல்லோரும் சாப்பிடட்டும், பிறகு சொல்லலாம் என்று மக்பால் மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டாள். அதுவரை ஷயாமெத் பேச, அவள் கேட்டால் போதும். அதுவாவது அவளுக்கு வரும்.

ஷயாமெத் தலாப்கானைப் பற்றித்தான் பேசினார். இருவரும் இளவட்டமாக இருந்தபோது அந்த ஜீப்பை ஏரிப் பனிக்கட்டிமேல் ஓட்டி, பின்பாதி உள்ளே போனது. மாட்டு வைத்தியர் கூரைமேல் ஏறி நின்று கூட்டுப்பண்ணைத் தலைவருக்குப் புகார் எழுதியது. சிரித்தார், மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“ஏப்ரல்ல வந்தான். அதுதான் கடைசி. அப்போ நான் ஒரு வேலை சொன்னேன் அவன்கிட்ட. உனக்குத் தெரியுமா?”

“தெரியாது பெரியப்பா.”

“எர்போலுக்கும் எனக்கும் முப்பது வருஷமாப் பேச்சு இல்லை. அம்மாவைக் கூட்டிட்டுப் போய்ட்டான் அங்க. அம்மா அங்கயே போய்ச் சேந்துட்டா. நான் அடக்கத்துக்குக்கூடப் போகலை. கோபம். இந்தக் குளிர்காலத்துல படுத்து எந்திரிச்சேன் பாரு, அப்போ நெனைச்சேன், என்னடா பெரிய கோபம்னு. தலாப்கான்கிட்ட சொன்னேன்: ஊருக்குப் போனதும் எர்போலுக்குப் போன் போடு. அண்ணன் கூப்பிடறான், கோடையில வாடான்னு சொல்லு.”

கிசாத் மாமா அடுப்பில் விறகைத் திணிக்கத் தொடங்கினார். அடுப்பு ஏற்கெனவே நிறைந்திருந்தது.

“அவன் எப்படிக் குதிச்சான்னு நினைக்கறே? வாழ்க்கையில முதல்தடவையா என் கையில ஒரு நல்ல சேதி குடுத்திருக்கேடான்னான். எர்போல் சரின்னு சொல்லிட்டா எனக்கு ஒரு குதிரைக்குட்டி தரணும்னு கேட்டு வாக்கு வாங்கிட்டான். நல்ல சேதி கொண்டுவர்றவனுக்குக் குடுக்கணும்ல. நாப்பது வருஷமா அவனுக்கு யாரு என்ன குடுத்தா?” ஷயாமெத் நிறுத்தினார். “அவ்வளவு குதிச்சவன் திரும்ப வரவே இல்லை. மே மாசம் பூரா ஆத்தைப் பாத்துட்டு இருந்தேன். அவன் எர்போல்கிட்ட பேசினானா புள்ள? உன்கிட்ட ஏதாவது சொன்னானா?”

மக்பாலிடம் அப்பா எதுவும் சொல்லியிருக்கவில்லை. எர்போலின் மகன் கூப்பிட்டுச் செய்தி சொன்னான் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அப்பாவின் போன் அவள் சட்டைப்பையில்தான் இருந்தது. ஒன்பது நாளாக அங்கேயே இருக்கிறது. எடுத்தாள். அழைப்புப் பட்டியலில் கீழே இறங்கினாள். எர்போலின் எண், மே இருபது, காலை பதினொன்று பதினான்கு, மூன்று நிமிடம். அம்புக்குறி வெளியே போயிருந்தது. யாரும் கூப்பிடவில்லை. அப்பாதான் கூப்பிட்டிருக்கிறார். அதற்கு முன்னால் ஏப்ரல்வரை தேடினாள். அந்த எண் வேறெங்கும் இல்லை.

ஏப்ரலில் ஆடுகள் குட்டி போட்டன. பிறகு ரோமம் கத்தரித்தார்கள். பிறகு அம்மாவுக்குப் பல்வலி. நல்ல செய்திதானே, கெட்டுப்போகாது என்று அப்பா நினைத்திருப்பார். கெட்ட செய்தியை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று தெரிந்தவருக்கு இது தெரியவில்லை.

வெளியே ரைகான் மாட்டை அதட்டும் குரல் கேட்டது. கறந்து முடியவில்லை. கறி வேகவில்லை. மக்பால் நோட்டை மூடிக் கீழே வைத்தாள்.

“பெரியப்பா, எர்போல் சித்தப்பா தவறிட்டார். மே இருபது, காலையில. மாரடைப்பு.”

கிசாத் மாமாவின் கையிலிருந்த விறகு கீழே விழுந்தது. “ஐயோ புள்ள” என்றார்.

ஷயாமெத் விழுந்த விறகை எடுத்து அடுப்பருகே வைத்தார். பனி, புல், குதிரைக்குட்டி எல்லாம் தரையில் மூடிக் கிடந்தன.

“தலாப்கானுக்குத் தெரியுமா?”

“தெரியும். அஞ்சு தடவை ஆத்தங்கரைவரைக்கும் வந்திருக்கார். சொல்ல முடியலை அவரால.”

“நான் கூப்பிட்டது? அது எர்போலுக்குத் தெரியுமா?”

அப்பாவாக இருந்தால் இந்தக் கேள்விக்கு ஒரு மலையைச் சுற்றியிருப்பார். மக்பாலுக்கு அந்த வழி தெரியாது.

“தெரியாது பெரியப்பா. அப்பா போன் போட்டதே அந்த இருபதாம் தேதிதான். பதினொரு மணிக்கு. அவர் மகன்தான் எடுத்திருக்கணும். அப்பா தாமதம் பண்ணிட்டார்.” போனை நீட்டினாள். “இங்க இருக்கு. பாருங்க.”

அவர் வாங்கவில்லை. “நான் என்ன நினைச்சேன் தெரியுமா?” என்றார். “எர்போல் வரமாட்டேன்னு சொல்லிட்டான், அதை எப்படி என்கிட்ட சொல்றதுன்னு தெரியாமத்தான் இவன் வராம இருக்கான்னு நினைச்சேன். ஒரு மாசமா அதைத்தான் நினைச்சிட்டிருக்கேன்.”

“இல்லை.”

“மாட்டேன்னு சொல்லலையா?”

“சொல்லலை. அவரை யாரும் கேக்கவே இல்லை.”

ஷயாமெத் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். இந்தமுறை சத்தம் வரவில்லை. கிசாத் மாமா நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்காலில் கைவைத்தார். மக்பால் எழுந்து, கொதித்து வழிந்த கறிப்பானையைச் சற்று ஓரமாக இழுத்து வைத்தாள்.

“நாளைக்கு உன் டவர் வருதுன்னாங்களே” என்றார் ஷயாமெத், முகத்தைத் துடைத்தபடி.

“பத்து மணிக்கு.”

“அவன் மகன் நம்பர் அதுல இருக்கா?”

“சித்தப்பா நம்பரை மகன் வெச்சிருப்பார். எடுப்பார்.”

“போட்டுக் குடு. நானே பேசறேன். அவனையாவது வரச்சொல்லணும்.” அவர் தாடியைத் தடவிக்கொண்டார். “நான் பாக்காத பையன். என்னன்னு ஆரம்பிக்கறது? அங்க பனி எப்படின்னு கேக்கறதா?”

“வேணாம் பெரியப்பா. முதல்ல வரச்சொல்லிடுங்க.”

“எடுத்த எடுப்புலயா?”

“ஆமா. அந்த ஒண்ணைத்தான் அப்பா சொல்லாம விட்டுட்டார்.”